பாதி படம், பாதி எழுத்து

ராணிப்பேட்டையில் ஒரு காலணி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருபவர். "சின்னச் சின்னக் கார்ட்டூன்கள் போட்டு, கூடவே ஒரு வரி கையால் எழுத ஆசை. எனக்குப் படம் வராது, கையெழுத்தும் கோழிக் கிறுக்கல். மனதில் சிரிப்பாக இருப்பது காகிதத்துக்கு வந்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. எழுத்தைக் கணினியில் அடித்து ஒட்டிவிடலாமா? அலுவலகத்தில் ஒன்றைக் காட்டினேன், ஒருவர் முகம் சுருங்கிவிட்டது. என்ன செய்யலாம்?" கூடவே ஒரு படமும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூஜாவும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்தே காலம் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படம் வராது என்பதை இந்த வேலையில் குறையாக நினைக்காதீர்கள். நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் திணறுகிறார்கள். கோட்டைச் சுவர் என்றால் கல் கல்லாக அடுக்குவார்கள், அகழியில் அலை போடுவார்கள், நிழல் தீட்டுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு அடியில் வரும் வரிக்கு இடமும் இருக்காது, வேலையும் இருக்காது. வட்டத் தலை, குச்சிக் கை, கொஞ்சம் சாய்ந்த முதுகு, இவ்வளவு போட உங்களால் முடிகிறது. அனுப்பிய படத்தில் பார்த்துவிட்டேன். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில்.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். பாலாற்றுப் பாலம். கீழே மணல். மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அடியில் "தண்ணீர் இல்லாத பாலாறு" என்று எழுதியிருக்கிறீர்கள். படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை எழுத்து மறுபடியும் சொல்கிறது. வாசகருக்குச் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை. இதே படத்தின் அடியில் "வெள்ளம் வந்தால் ஆட்டம் நிறுத்தப்படும்" என்று எழுதிப் பாருங்கள். படம் வறண்ட ஆற்றைக் காட்டுகிறது. எழுத்தோ, மைதான நிர்வாகி அறிவிப்புப் பலகை வைத்ததுபோல் ஒன்றும் தெரியாத முகத்தோடு பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வேலை வாசகருடையது. அவர் சேர்க்கும் அந்த நொடியில்தான் சிரிப்பு வருகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது நினைவிருக்கும். அப்போது அதே பாலத்தை வரைந்து, மணலுக்குப் பதிலாக நாலு நீர்க்கோடுகள் இழுத்து, மூன்று ஸ்டம்பின் நுனி மட்டும் மேலே தெரியும்படி விட்டு, "ஆட்டம் நிறுத்தப்பட்டது" என்று எழுதியிருந்தால் இரண்டாவது கார்ட்டூனும் கிடைத்திருக்கும். கோடுகள் முதல் படத்தில் இருந்ததைவிடக் குறைவு.

வரைந்து முடித்ததும் கையால் எழுத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு படத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள். எது தனியாக நின்றாலும் அரைகுறையாக, "அதற்கென்ன?" என்று கேட்கும்படி இருக்க வேண்டும். ஒன்று தனியாகவே சிரிக்க வைத்தால் மற்றது தேவையில்லை என்று பொருள். எழுத்து மட்டுமே போதுமென்றால் படத்தை விட்டுவிட்டு யாரிடமாவது வாயால் சொல்லிவிடலாம். அதுவும் நல்ல காரியம்தான், ஆனால் அது கார்ட்டூன் ஆகாது.

நம்மில் பலருக்கு இது சட்டென்று பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. நாம் வார இதழ் ஜோக்குகளைப் படித்து வளர்ந்தவர்கள். வாசகர் ஒருவர் தபால் அட்டையில் இரண்டு வரி உரையாடல் எழுதி அனுப்புவார். இதழின் ஓவியர் அதற்கு ஒரு டாக்டரையும் ஒரு நோயாளியையும் வரைந்து கொடுப்பார். அந்த உரையாடலை ரேடியோவில் வாசித்தாலும் சிரிப்பு வரும். படம் பக்கத்தை நிரப்பும் அலங்காரம்தான். எழுதியவர் ஒரு ஊர், வரைந்தவர் ஒரு ஊர் என்றால் வேறு எப்படி இருக்க முடியும்? 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்ட காலத்திலும் யோசிக்கும் தலை ஒன்று, வரையும் கை வேறு. விதிவிலக்குகளும் உண்டு. 1930-களில் ஆனந்த விகடனில் ஓவியர் மாலி போட்ட கோடுகள் தாமாகவே சிரிக்கும். ஆனால் மாலியின் கை எல்லோருக்கும் வாய்க்காது. நமக்கு வாய்த்திருப்பது வேறொரு வசதி. யோசிப்பவரும் நாமே, வரைபவரும் எழுதுபவரும் நாமே. ஒரே பேனா. படத்தில் எதை விடலாம், எழுத்தில் எதை மறைக்கலாம் என்று ஒரே ஆள் பேரம் பேசிக்கொள்ளலாம்.

இந்தப் பேரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜப்பானில் இருந்த செங்காய் என்ற ஜென் துறவி. 1750-ல் பிறந்து 1837-ல் மறைந்தவர். தூரிகையால் ஒரு வட்டம் போட்டார். ஜென் மரபில் வட்டம் என்றால் ஞானம், முழுமை, வெறுமை என்று பெரிய பெரிய விஷயங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதியது, இதைத் தின்றுவிட்டு ஒரு வாய் தேநீர் குடி என்பதுதான். அவ்வளவு பெரிய வட்டம் ஒரே வரியில் பலகாரமாகிவிட்டது! படத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. அதே வட்டத்தை நீங்கள் ஆற்காட்டில் உட்கார்ந்து போட்டு, "சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்க்க மட்டும்" என்று எழுதினால் அது மக்கன் பேடா. வரையத் தெரியாது என்று இனிமேல் சொல்லாதீர்கள். வட்டம் எல்லோருக்கும் வரும்.

எதைப் பற்றி வரைவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பொதுவாகக் 'காதல்', 'கைப்பேசி', 'அரசியல்' என்று தலைப்பு எடுத்துக்கொண்டு ஏற்கெனவே ஆயிரம் பேர் போட்டதையே போடுகிறார்கள். உங்களைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். வேலூரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று பட்டியல் நீளும். மரமில்லாத மலையையும் சேர்ப்பார்கள். பட்டியலில் சிலர் சேர்க்கும் வேறு சில அயிட்டங்களை நான் எழுத மாட்டேன், வீட்டில் பெண்கள் படிப்பார்கள், எனக்கு அடி விழும். விஷயம் என்னவென்றால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981-ல் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் கூட இன்னும் பழைய பட்டியலையே ஒப்பிக்கிறார்கள். இதில் ஒரு கார்ட்டூன் தயாராக உட்கார்ந்திருக்கிறது. ஒரு கரும்பலகை, அதில் அந்த வரிகள், ஒரு குட்டைத் தாத்தா ஸ்டூலில் ஏறி ஒரே ஒரு வரியை மட்டும் டஸ்டரால் அழிக்கிறார். அடியில்: "திருத்தம், 1981 முதல்." தாத்தாவின் முகத்தைக் கூட வரைய வேண்டாம், முதுகு போதும்.

இன்னொன்று. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் தொடங்கிய சிகிச்சை நிலையம்தான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். அதனால் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகள் வங்காள மொழியில் பேசுகின்றன, கடைக்காரர்களும் பேசுகிறார்கள். டீக்கடை மாஸ்டர் ஒருவர், எதிரே ஒல்லியாக ஒரு வாடிக்கையாளர். மாஸ்டரின் பேச்சுக் குமிழுக்குள் மேல்கோடு போட்ட வளைவுகள், வங்க எழுத்து மாதிரி வெறும் கிறுக்கல். அடியில் வாடிக்கையாளரின் பதில்: "அண்ணே, நான் காட்பாடி." இதில் யாரும் புண்படவில்லை என்பதையும் பாருங்கள். அந்தத் தெருக்களில் வரையும்போது என் பிடிவாதம் ஒன்று உண்டு. நோயாளியை வரைய மாட்டேன். கூட வந்தவரை வரைவேன், கையில் ஃபைல், தோளில் ஃபிளாஸ்க், வாயில் டோக்கன் சீட்டு. காத்திருப்பவரின் அலுப்பில் சிரிப்பு உண்டு. வலியில் இருப்பவரிடம் அதைத் தேடக் கூடாது.

பொருள்களுக்கு வாய் கொடுப்பது இன்னும் சுலபம். வேலூர் முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்தரிக்காய் ஒன்று, பின்னால் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ், கை கட்டிய நிலை. "இனி முழுப் பெயர் சொல்லி அழைக்கவும்."

இப்போது எழுத்தைப் பற்றி. இங்கேதான் தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சிரிப்பு விழ வேண்டிய சொல் வரியின் கடைசியில் இருக்க வேண்டும். நம் வாக்கியங்களிலோ வினை கடைசியில் வரும். சிரிப்புச் சொல் வந்து முடிந்த பிறகும் 'இருக்கிறது', 'ஆகிவிட்டது', 'சொல்கிறார்கள்' என்று ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகாது. ஒரு எடுத்துக்காட்டு. அக்னி நட்சத்திரம், நாய் கூட வெளியே போக மறுக்கிறது, இதுதான் யோசனை. முதலில் எழுத வருவது: "அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டதால் எங்கள் வீட்டு நாய் கூட வெளியே வர மறுக்கிறது." நீளம் ஒருபுறம் இருக்கட்டும், 'நாய்' என்று படித்தவுடனே விஷயம் முடிந்துவிட்டது. மீதி வெறும் வால். சரி, படத்திடம் எதைக் கொடுக்கலாம் என்று பாருங்கள். வெயிலை ஒரு பெரிய சூரியன் சொல்லிவிடும். மறுப்பை, விறைத்து நிற்கும் கயிறு சொல்லிவிடும். கயிற்றின் ஒரு முனையில் வாசலுக்கு வெளியே வியர்த்து நிற்கும் மனிதர், மறுமுனை கதவுக்குள். நாயின் மூக்கு மட்டும் தெரிகிறது. எழுத்துக்கு மிச்சம் இருப்பது நாயின் மரியாதை மட்டுமே: "நீங்கள் போய்விட்டு வாருங்கள்." இங்கே வினை கடைசியில் வந்தாலும் தொல்லையில்லை, அந்த 'வாருங்கள்' தானே சிரிப்பு.

வினையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அறிவிப்புப் பலகை, ரசீது, விலைப்பட்டியல், திருமண அழைப்பிதழ், அலுவலகச் சுற்றறிக்கை, இவற்றின் நடை கார்ட்டூனுக்கு நன்றாகப் பொருந்தும். ஏற்கெனவே சுருங்கிய நடை, தன்னைத்தானே ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ளும் நடை. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது கைவந்த பாஷை. 'மேற்படி', 'நிலுவை', 'கழிவு', 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது'. நான் இளமையில் கணக்கு படிக்கவில்லையே என்று இந்த விஷயத்தில் மட்டும் பொறாமைப்படுகிறேன்.

கணினியில் அடிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கோணல்மாணலான ஆளின் காலடியில் அச்சு எழுத்து வந்து நின்றால் வேறு யாரோ வந்து விளக்கம் கொடுப்பதுபோல் ஆகிவிடும். படம் நடுங்கினால் எழுத்தும் அதே நடுக்கத்தோடு இருக்கட்டும். கோழிக் கிறுக்கல் பரவாயில்லை, படிக்க முடிந்தால் போதும். படிக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் எழுத்தின் அழகு காரணம் அல்ல, இடம்தான் காரணம். தமிழ் எழுத்து அகலமானது. ணை, ஞா, னௌ எல்லாம் கால்நீட்டிப் படுக்கும். இகர, ஈகாரக் கொக்கிகள் மேலே ஏறும், உகர, ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். ஆகவே இரண்டு வரி எழுதினால் நடுவில் தாராளமாக இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொம்பும் சிக்கிக்கொள்ளும்.

இதனால்தான் நான் எப்போதும் எழுத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் படம் போடச் சொல்வேன். முதலில் படம் போட்டவர்களின் அட்டையைப் பாருங்கள், கடைசிச் சொல் ஓரத்தில் நசுங்கி, மெல்லினம் வல்லினம் தெரியாமல் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருக்கும். பேச்சுக் குமிழும் அப்படியே. குமிழை வரைந்துவிட்டு உள்ளே எழுத்தைத் திணிக்காதீர்கள், எழுதிவிட்டுச் சுற்றிலும் வளையுங்கள். வரியை எங்கே மடிப்பது என்பதில் கவனம் தேவை. "நீங்கள் போய்விட்டு / வாருங்கள்" என்று மடித்தால் ஒரு நொடி நின்று விழும். "நீங்கள் / போய்விட்டு வாருங்கள்" என்றால் விழாது, வழியும். எழுதிய பிறகு புள்ளிகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள். அவசரத்தில் முதலில் தொலைவது புள்ளிதான், 'கட்டம்' 'கடடம்' ஆகிவிட்டால் வாசகர் சிரிப்பதற்குப் பதிலாகத் திருத்த ஆரம்பித்துவிடுவார்.

வேகத்துக்கு வருகிறேன். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். பென்சிலில் மெதுவாக வரைந்து மேலே பேனாவால் ஓட்டினால் கோடு பிணம்போல் படுத்துக்கிடக்கும். நேராகப் பேனா. கை ஓடும் வேகத்தில் ஓடட்டும், பிடிக்கவில்லையா, அடுத்த அட்டை. முகத்தில் எதைப் போடுவது என்று குழம்ப வேண்டாம். கண் இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகள் வட்டத்துக்குள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றனவோ அந்தப் பக்கம் அவர் பார்க்கிறார். புருவத்தின் உள்முனை இறங்கினால் கோபம், ஏறினால் கவலை, புருவமே இல்லையென்றால் அப்பாவி. வாயைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். உடம்பில் முதுகுக்கோடுதான் முக்கியம். முன்னால் சாய்ந்தால் அவசரம், பின்னால் சாய்ந்தால் அதிகாரம், கேள்விக்குறியாக வளைந்தால் ராணிப்பேட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். இத்தனையையும் பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் படிக்கலாம், என் வகுப்பில் பிள்ளைகள் வருடக்கணக்காகப் படித்ததைவிடச் சீக்கிரம்.

கோடு தவறிப் போனால் கிழித்துவிடும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் இப்படித்தான் தன் மிகப் புகழ்பெற்ற கார்ட்டூனுக்கு வந்து சேர்ந்தார். சிறுவயதில் அம்பு பட்டு ஒரு கண் போனவர், மற்றக் கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வந்தது, ஓவியப் பயிற்சியும் கிடையாது. பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடல்நாய் ஒன்றை வரையப்போனார். பாறை கட்டிலின் தலைப்பலகைபோல் வந்துவிட்டது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று கீழே ஒரு கட்டிலும் கணவன் மனைவியும் வரைந்தார். மனைவி எரிச்சலோடு, கடல்நாய் குரைத்தது உங்கள் காதில் விழுந்ததாகவே இருக்கட்டும் என்கிறாள். அது தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1932-ல் நியூயார்க்கர் இதழில் வெளிவந்தது. பாறையைச் சரியாக வரையத் தெரிந்திருந்தால் உலகத்துக்கு ஒரு நல்ல கடல்நாய்ப் படம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு ஜெல் பேனா ஒன்று. பால் பாயிண்ட் கோடு வெளிறும், ஸ்கெட்ச் பேனா சின்ன அட்டையில் எழுத்தை அடைத்துவிடும். காகிதத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய திருமண அழைப்பிதழ்களை எடுத்து, அச்சில்லாத பக்கத்தைத் தபால் அட்டை அளவுக்கு, அதாவது 14-க்கு 9 சென்டிமீட்டர் என்று வெட்டிக்கொள்ளுங்கள். தடித்த அட்டை, கோடு போடாதது, வைகாசி முடிந்தால் ஒரு வருடத்துக்குக் காணும். பளபளப்பான பக்கம் மட்டும் ஆகாது, ஜெல் மை காயாமல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு அடுத்த அட்டைக்குப் பயணம் செய்யும். விசிட்டிங் கார்டின் பின்பக்கத்திலும் போடலாம். இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, வளவளவென்று எழுத இடமில்லாமல் போகும். கைப்பேசியில் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலோரம், நேர்வெயில் படாத இடம், மேலே இருந்து நேராக. பிறகு வெளிச்சத்தைக் கூட்டி அட்டையை வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். டேப்லெட் இருக்கிறதென்றால் அதிலேயும் வரையலாம், எழுத்தையும் அதிலேயே கையால் எழுதுவதென்றால்.

கடைசியாக அந்தச் சுருங்கிய முகம். நீங்கள் விவரம் எழுதவில்லை, ஆனால் வழுக்கையையோ தொப்பையையோ வரைந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அலுவலகத்தில் உடம்பை வரையாதீர்கள். அதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, அவருக்கே தெரிந்த விஷயம். அவர் நாற்காலியை வரையுங்கள். முதுகில் துண்டு போர்த்திய நாற்காலி, மேசைமேல் திறந்த பேனா, ஓடும் மின்விசிறி, ஆள் இல்லை. "இப்போதுதான் இருந்தார்." துண்டு போட்ட நாற்காலி எல்லாப் பிரிவிலும் உண்டு, யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்தும் இருக்கும். அந்த ஒருவரிடம் இதை முதலில் காட்டுங்கள். பக்கத்துப் பிரிவு அதிகாரியின் பெயரை அவரே சொல்லுவார்.